‘பார்க்கலாம்’ என்று சொல்வதை நிறுத்திய இலையுதிர்காலம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையில் நான் சுவாச சிகிச்சையாளராக, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டாக, இரவுப் பணி பார்க்கிறேன். வாரத்துக்கு மூன்று இரவுகள், மாலை ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை. பதினான்கு வயதில் பெற்றோருடன் இந்த நாட்டுக்கு வந்தேன்; அப்பா ஓய்வு பெற்றதும் அவர்கள் இருவரும் திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டார்கள்; நான் ஓர் அறைத்தோழியுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். “உங்க பொண்ணு நர்ஸா, டாக்டரா?” என்று கேட்பவர்களுக்கு என் வேலையை விளக்கி அலுத்துப்போன அம்மா, இப்போதெல்லாம் “ஆஸ்பத்திரியில இருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வயது 26. திருமணம் ஆகவில்லை. இந்த இரண்டு விவரங்களையும் வேலையிடத்திலும் உறவிலும் யாரும் மறப்பதே இல்லை என்பதால் நானும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது 2022-ஆம் ஆண்டின் கோடையில். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. என்னும் சுவாச வைரஸ் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து நாடு முழுவதும் குழந்தைகள் வார்டுகளை நிரப்பியது. புதிதாகச் சேர்ந்தவள், தனியாள், வீட்டில் குழந்தை இல்லை. “உனக்கென்ன, நீ ஒற்றையாள்தானே” என்ற ஒரே வாக்கியத்தில் தீபாவளியும், இந்த நாட்டின் நன்றி நவிலும் விருந்து நாளான தேங்க்ஸ்கிவிங்கும், கிறிஸ்துமஸும் என் கணக்கில் வேலை நாட்களாயின. அப்படிக் கேட்ட சக ஊழியர் கெட்டவர் அல்லர். மூன்று குழந்தைகளின் தாய். நானும் “பார்க்கலாம்” என்றுதான் சொன்னேன். மறுக்கத் தெரியாதவர்களின் மொழியில் ‘பார்க்கலாம்’ என்பதற்குச் ‘சரி’ என்றுதான் பொருள் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார். அதே சொல்லைத்தான் தோழிகளின் அழைப்புகளுக்கும், அம்மாவின் “எப்ப வாற?” என்ற கேள்விக்கும், வரன் விசாரிப்போருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் தோழிகள் அழைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். வரன் விசாரிப்போர் மட்டும் குறைந்தபாடில்லை.

ஆகவே 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயே நாட்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக இனிப்பு கேட்டுவரும் இந்த நாட்டின் ஹாலோவீனும் அதே நாள். தேங்க்ஸ்கிவிங் 1941-ஆம் ஆண்டுச் சட்டப்படி எப்போதும் நவம்பரின் நான்காவது வியாழன் என்பதால் அது நவம்பர் 28. எங்கள் துறையில் ஆறு வாரத்துக்கு ஒரு பணிப்பட்டியல் வெளியாகும். தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்றும் கோடையிலேயே முறைவைத்துப் பங்கிடப்பட்டுவிடும். அந்த அச்சிட்ட பட்டியலில் தீபாவளி கிடையாது. எனவே அதற்காக மேலாளரிடம் சலுகை கேட்பதைவிட, என் கையில் இருக்கும் எந்த நாளை யாருக்குக் கொடுத்து அந்த நாளை வாங்கலாம் என்று யோசிப்பதே நடைமுறைக்கு உகந்தது என்று தோன்றியது.

மிச்சிகனில் வேலை பார்ப்பவர்களுக்கு நவம்பர் 15 என்றால் என்னவென்று தெரியும். அன்றுதான் துப்பாக்கியுடன் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. ஆண்டுதோறும் அதே தேதி. கிழமை எதுவானாலும் மாறாது. வடபகுதியில் சில பள்ளிகள் அன்று விடுமுறையே விட்டுவிடுகின்றன. எங்கள் துறையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சக ஊழியர் இருக்கிறார். வேட்டையின் முதல் நாள் விடியலுக்கு முன்பே மரத்தடியில் போய் அமர்ந்துவிடவேண்டும் என்பது அவருடைய குடும்ப வழக்கம். 2024-இல் நவம்பர் 14 வியாழன் இரவு அவருக்குப் பணி விழும் வரிசை. எனக்கு அக்டோபர் 31 வியாழன் இரவு. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அதிகாலை நான்கு மணிக்கு, ரத்த வாயுப் பரிசோதனைக் கருவியின் முன்னால் முடிவுக்காகக் காத்திருந்தபோது, “உங்கள் பதினான்கை நான் எடுத்துக்கொள்கிறேன், என் முப்பத்தொன்றை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டேன். முப்பத்தொன்றில் அப்படி என்ன என்று அவர் கேட்கவே இல்லை. “எழுதிக் கொடு” என்றார்.

அந்த ‘எழுதிக் கொடு’ முக்கியம். முந்தைய ஆண்டு இதேபோல் ஒருவருடன் வாய்மொழியாக மாற்றிக்கொண்டு, அவர் மறந்துபோய், விடுப்பு என்று நம்பி ஊறப்போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடியிருக்கிறேன். இந்த முறை எழுத்தில் கொடுத்தபோதுதான் வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. ஆளுக்கு மூன்று இரவு என்றால் வாரத்துக்கு 36 மணி நேரம். ஒரு வாரத்தில் அவர் என் இரவையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு 48 ஆகும். இரண்டு வாரம் கழித்து எனக்கு 48 ஆகும். 40-ஐத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் மருத்துவமனை ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும் என்பதால் மேலாளர் கையெழுத்திட மாட்டார். ஆகவே அந்த வாரத்திலேயே அவருடைய செவ்வாய் இரவை நான் எடுத்து, நவம்பர் வாரத்தில் என் திங்கள் இரவை அவர் எடுத்துக்கொள்ள, ஓர் இரவுக்கு ஓர் இரவு என்று தொடங்கிய பேரம் நான்கு இரவுகளில் முடிந்தது. இதை முன்கூட்டியே காகிதத்தில் கணக்குப் போட்டுக் கொண்டுபோனதால் மேலாளர் இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் தந்தார். இரவுப் பணியில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், மாற்றம் கேட்கும்போது பிரச்சினையை மேலாளரிடம் கொடுக்காமல் விடையையே கொண்டுபோய்க் கொடுங்கள் என்பேன்.

எங்கள் வேலையில் இலையுதிர்காலம் இலைகளைப் பார்த்துத் தொடங்குவதில்லை. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் நாள். அதை ஒட்டி இங்கே பள்ளிகள் திறக்கின்றன. இரண்டு மூன்று வாரத்துக்குள், மேப்பிள் மரங்கள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே, ஆஸ்துமா உள்ள குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். வகுப்பறையில் பரவும் சாதாரணச் சளி வைரஸும் அந்த நேரத்தில் உச்சத்தில் இருக்கும் ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தமும், கோடை முழுவதும் இன்ஹேலரை மறந்திருந்த பழக்கமும் ஒன்றுசேர்வதால் ஆண்டுதோறும் நேரும் ஏற்றம் இது. 2024-இல் அதோடு மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவால் வரும் நிமோனியாவும் சிறு குழந்தைகளிடையே வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருந்தது. அந்த மாதத்தின் கடைசியில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் வெள்ளத்தைக் கொண்டுவந்து, நாட்டின் செலைன் தேவையில் சுமார் 60 விழுக்காட்டைத் தயாரித்துவந்த ஒரே தொழிற்சாலையை நிறுத்திவிட, அக்டோபர் முழுவதும் நாங்கள் செலைன் பைகளை எண்ணி எண்ணிப் பயன்படுத்தினோம். வாயால் குடிக்க முடிந்தவர்களுக்குக் கோப்பையில் தண்ணீர் கொடுத்து, அளவைக் குறித்துக்கொண்டோம். சிறுவயதில் வயிற்றுப்போக்கு வந்தால் எங்கள் ஆச்சி செய்தது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் தடுப்பூசியைச் செப்டம்பர் இறுதியிலேயே போட்டுக்கொண்டேன். மருத்துவமனை விதித்த கெடு நவம்பரில்தான். ஆனால் ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால், கெடுவரை காத்திருப்பவர் விருந்து வீடுகளுக்கெல்லாம் பாதுகாப்பின்றிப் போய்வந்த பிறகுதான் ஊசி போட்டுக்கொள்கிறார்.

நவராத்திரியில்தான் புதிய பழக்கத்தை முதன்முதலாகச் சோதித்துப் பார்த்தேன். கொலு வைத்திருந்த வீடுகளிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லி அழைப்புகள் வந்தன. பணி இருக்கும் நாட்களில் ஆறு மணிக்கு நான் காரில் இருப்பேன். முன்பெல்லாம் ‘பார்க்கலாம், ட்யூட்டி இருக்கு’ என்று பதில் போட்டுவிட்டுப் போகாமல் இருந்துவிடுவேன். இந்த முறை, “ஆறு மணிக்கு என்னால் முடியாது, வியாழன் நான்கிலிருந்து ஐந்தேகால் வரை வரலாமா?” என்று கேட்டேன். மூன்று வீடுகளில் இரண்டு வீட்டார் மகிழ்ச்சியோடு சரி என்றார்கள். ஒரு வீட்டில் சுண்டல் அப்போதுதான் வெந்துகொண்டிருந்தது. நானே தேங்காய் துருவிக் கொடுத்தேன். கூட்டம் வருவதற்கு முன்பு, அடுப்படியில் நின்றபடி அந்த அக்காவோடு பேசிய முக்கால் மணி நேரம் முந்தைய இரண்டு ஆண்டுகளின் கொலு வருகைகளைவிட நிறைவாக இருந்தது.

மூன்றாவது வீட்டுக்கு விஜயதசமியன்று, சனிக்கிழமை, கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன். எதிர்பார்த்தபடியே ஒரு பெரியம்மா கையைப் பிடித்து உட்காரவைத்து, நியூஜெர்சியில் ஒரு பையன், கணினித் துறை, நம் பக்கத்துக்காரர்கள், என்று தொடங்கினார். என் உள்நாக்கில் ‘பார்க்கலாம்’ வந்து நின்றது. “பெரியம்மா, வர்ற சித்திரை வரைக்கும் நான் யாரையும் பார்க்கறதா இல்ல. சித்திரைக்கு அப்புறம் அம்மாகிட்ட பேசுங்க, நானும் பேசறேன்” என்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ கைப்பேசியை எடுத்து ஏப்ரல் மாதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். மறுப்பைவிட நிச்சயமின்மைதான் இவர்களைத் துரத்தவைக்கிறது போலும். ஏப்ரலில் என்ன ஆகும் என்பது வேறு கதை.

தீபாவளிக்கு வருகிறேன். அக்டோபர் 30, புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தில் காரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலியில் அப்போது மறுநாள் அதிகாலை நான்கு மணி. வீடியோ அழைப்பில் அம்மா தலையில் எண்ணெய் வழிய, கையில் சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் அப்பா மின்விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தார். தெருவில் யாரோ முதல் சரவெடியைக் கொளுத்த, அம்மா சொன்ன எதுவும் காதில் விழவில்லை. உதட்டசைவைப் பார்த்து, ‘எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிரு’ என்று புரிந்துகொண்டேன். நாளைக் காலை எட்டரை மணிக்கு, என்றேன். “எட்டரையா?” என்று கேட்டு, அப்பாவிடம் திரும்பி ஏதோ சொன்னார். அப்பா சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியின் தாளில் பென்சிலால் எழுதினார்.

அந்தத் தினசரி நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்தில் எனக்கு எந்த இரவுகளில் வேலை, எந்த நேரத்தில் தூங்குவேன், எப்போது அழைப்பேன் என்பதை இந்திய நேரத்தில் எழுதிக் குடும்பக் குழுவில் அனுப்பத் தொடங்கியிருந்தேன். அப்பா அதை நாட்காட்டித் தாள்களில் ஒவ்வொன்றாகக் குறித்துவிடுவார்: ‘நைட்’, ‘தூக்கம்’, ‘5 மணிக்குப் பேசுவாள்’. அதற்கு முன்னெல்லாம் நான் ஆழ்ந்து தூங்கும் பகல் பதினொரு மணிக்கு, அவர்கள் படுக்கப்போகும் முன், அழைப்பு வரும். எடுக்காவிட்டால் பதற்றம், எடுத்தால் எனக்கு எரிச்சல். அட்டவணை வந்த பிறகு இரு பக்கமும் அமைதி. இரவுப் பணியாளரின் பகல் தூக்கத்தைக் காப்பாற்ற கறுப்புத் திரைச்சீலையும் காதடைப்பானும் எவ்வளவு தேவையோ, அந்தப் பென்சில் குறிப்பும் அவ்வளவு தேவை.

வியாழன் காலை வீட்டுக்கு வந்து, நல்லெண்ணெயைச் சூடாக்கித் தலையில் வைத்துக் குளித்து, அறைத்தோழி முந்தைய நாள் இரவு செய்துவைத்திருந்த உளுந்தவடையைச் சூடாக்கித் தின்று, பத்து மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தேன். எண்ணெய்க் குளியலுக்குப் பின் பகலில் தூங்கக்கூடாது என்பது ஆச்சியின் கட்டளை. அதை மீறியதை இங்கேதான் முதன்முதலாக ஒப்புக்கொள்கிறேன். மாலையில் வாசற்படியின் இருபுறமும் அகல் விளக்கு வைத்தோம். ஆறரை மணிக்கு இருட்டத் தொடங்கியதும் ஹாலோவீன் வேடமிட்ட பிள்ளைகள் தெரு முனையில் தோன்றினார்கள். எங்கள் விளக்குகளை அவர்கள் ஹாலோவீன் அலங்காரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுவன் மட்டும் குனிந்து பார்த்து, “இது உண்மையான நெருப்பு” என்று தன் தங்கைக்கு எச்சரிக்கை செய்தான். அவன் எலும்புக்கூடு வேடத்தில் இருந்தான். சட்டையில் வரைந்த விலா எலும்புகளை என் கண் தன்னிச்சையாக எண்ணிப் பார்த்தது. பத்து ஜோடிகள்தான் இருந்தன. சாக்லேட்டுகளோடு நாங்கள் செய்த முந்திரிக்கொத்தையும் ஒரு தட்டில் வைத்திருந்தோம். ஆனால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளை வாரந்தோறும் பார்ப்பவள் என்பதால், வீட்டில் செய்ததைப் பெற்றோரிடம் கேட்காமல் எந்தக் குழந்தைக்கும் கொடுக்கவில்லை. அன்று இரவு என் இடத்தில் நின்று வேலை செய்த வேட்டைக்காரருக்கு அதில் ஒரு டப்பா எடுத்துவைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை தோழிகள் ஒன்பது பேர் எங்கள் வீட்டில் கூடினோம். ‘வெள்ளி ஐந்து முதல் பத்து’ என்று மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டதுதான் ஒன்பது பேரும் வந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கு மறுநாள் சனிக்கிழமை இரவுதான் இந்த இலையுதிர்காலத்தில் நான் செய்த பெரிய தவறு. நவம்பரின் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு இந்த நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் போகின்றன. வீட்டில் தூங்குபவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல்; எங்களுக்கு ஒரு மணி நேர வேலை கூடுதல். ஒன்று முதல் இரண்டு வரையிலான மணி அன்று இருமுறை வரும். வென்டிலேட்டர் அளவுகளை ‘1.30’ என்று எழுதினால் எந்த 1.30 என்ற குழப்பம் வருமென்று, அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் காகிதத்தில் எழுதினோம். பன்னிரண்டு மணி நேர இரவு பதின்மூன்று மணி நேரமானது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், வெள்ளிக்கிழமைக் கொண்டாட்டத்தில் நள்ளிரவு தாண்டி விழித்திருந்துவிட்டு, சனிக்கிழமை மதியம் வழக்கமாகப் போடும் ஒன்றரை மணி நேரக் குட்டித் தூக்கத்தையும் விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அதிகாலை நான்கரை மணிக்கு ஒரு பெரிய காப்பி குடித்தேன். காப்பியிலுள்ள கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டு மணிக்கு மேல் குடிப்பதில்லை என்பது என் விதி, அதையும் உடைத்தேன்.

காலையில் வீட்டுக்குத் திரும்பும் நெடுஞ்சாலையில், சாலையோர வரிப்பள்ளங்களில் சக்கரம் ஏறி எழுந்த ‘தடதட’ ஓசையில்தான் விழித்தேன். விழித்தேன் என்றால் அதற்கு முன் தூங்கியிருக்கிறேன் என்றுதானே பொருள்? எத்தனை விநாடி என்று தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மரத்துப்போயிருந்தது. அடுத்த வெளியேறும் வழியில் இறங்கி, ஒரு மளிகைக் கடையின் வாசலில் காரை நிறுத்திப் பூட்டிவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துத் தூங்கினேன். தூக்கக் கலக்கத்தோடு ஓட்டிவந்து விபத்துக்குள்ளானவர்களுக்கு மூச்சுக்குழாய் செருக நான் உதவியிருக்கிறேன்; அந்த அறிவு என்னை ஓட்டாமல் தடுக்கவில்லை என்பதுதான் வெட்கம். கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, அம்மாவிடம் பேசிக்கொண்டே ஓட்டுவது, எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன். தூக்கத்துக்குத் தூக்கம்தான் மருந்து. அன்று முதல் காரின் பின்னிருக்கையில் ஒரு தலையணையும் போர்வையும் நிரந்தரமாக இருக்கின்றன. மூன்றாவது இரவு முடிந்த காலையில், தூக்கம் வருகிறதோ இல்லையோ, கிளம்புவதற்கு முன் மருத்துவமனை வளாகத்திலேயே இருபது நிமிடம் கண்ணை மூடுகிறேன்.

அந்தப் பதின்மூன்றாவது மணிக்கு இன்னொரு பின்கதை உண்டு. அடுத்த சம்பளச் சீட்டில் அந்த இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரமே பதிவாகியிருந்தது. மின்னஞ்சல் அனுப்பியதும் திருத்தித் தந்துவிட்டார்கள். ஆனால் அன்று பணியிலிருந்தவர்களில் சீட்டைப் பார்த்தவர் நான் ஒருத்திதான். விழா நாட்களுக்கும் இது பொருந்தும்: விடுமுறை ஊதியம் உங்கள் மருத்துவமனையில் முந்தைய நாள் மாலையிலிருந்து கணக்காகிறதா, நள்ளிரவிலிருந்தா என்று ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியாளரின் ‘ஒரு நாள்’ இரண்டு தேதிகளில் கிடக்கிறது.

நேர மாற்றத்தால் ஊருக்கும் எனக்குமான இடைவெளி ஒன்பதரையிலிருந்து பத்தரை மணி நேரமாகிவிட்டது. அதை அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஐந்து மணிக்கு அழைக்கவேண்டியவள் ஆறு மணிக்கு அழைத்ததால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்கள் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் இருக்கும் பெரியப்பா மகனான அண்ணனுக்கு அழைத்து, அவன் என் அறைத்தோழிக்கு அழைத்து, அவள் என்னை எழுப்பிவிட்டாள். குறித்த மணியைச் சொல்லிப் பழக்கிவிட்டால் அதைக் காப்பாற்றியும் ஆகவேண்டும்.

நவம்பர் 14 இரவு வேட்டைக்காரரின் இடத்தில் நின்றேன். அமைதியான இரவு, சொல்வதற்கு ஒன்றுமில்லை.

தேங்க்ஸ்கிவிங் 2024-இல் என் முறை. புதன், வியாழன் இரண்டு இரவுகளும் வேலை. ஓய்வறையில் ஒவ்வொருவரும் ஒரு பதார்த்தம் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒரு பெரிய பாத்திரத்தில் புளியோதரை. வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மேல் இதயச் செயலிழப்பு உள்ள முதியவர்கள் மூச்சுத் திணறலோடு வரத் தொடங்கினார்கள். பன்றி இறைச்சி, கிரேவி, டப்பா சூப் என ஒரே நாளில் உள்ளே போகும் உப்பு, உடலில் நீரைத் தேக்கி நுரையீரலை நனைத்துவிடுகிறது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியின் வழியே அழுத்தத்தோடு காற்றைக் கொடுக்கும்போது, முதல் பத்து நிமிடம் அவர்கள் அதைப் பிடுங்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து மூச்சு விட வேண்டும். அன்று ஒரு மூதாட்டி அந்தப் பத்து நிமிடம் கழித்து, முகமூடிக்குள்ளிருந்தபடியே, “உன் குடும்பம் எங்கே?” என்று கேட்டார். சனிக்கிழமை பத்தரை மணிக்குப் பார்க்கப்போகிறேன் என்றேன். அவர் சிரித்தார் என்று முகமூடி அசைந்ததில் தெரிந்தது.

கொலம்பஸ் அண்ணனின் மனைவியான மதினியிடம் அக்டோபரிலேயே சொல்லியிருந்தேன்: வெள்ளி முழுதும் தூங்குவேன், சனி காலை கிளம்புவேன். ‘வெள்ளி காலை ட்யூட்டி முடிந்ததும் அப்படியே வந்துவிடேன்’ என்று அண்ணன் வற்புறுத்தியிருந்தான். மூன்றரை மணி நேரப் பயணம். அந்த வரிப்பள்ளச் சம்பவத்துக்குப் பிறகு அவனும் வற்புறுத்தவில்லை. அவர்கள் விருந்தையே சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். நான் கணக்கில் கொள்ளாத ஒன்று, நவம்பர் 30 கொலம்பஸில் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டம் என்பது. மிச்சிகன் எண் பலகையோடு அந்த ஊருக்குள் அன்று காரோட்டிப் போனேன்; சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்த ஒரு தாத்தா எனக்குக் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். மிச்சிகன் 13-10 என்று வென்றுவிட்டதால் திரும்பும்போது இன்னும் கவனமாக ஓட்டினேன்.

அண்ணன் வீட்டு விருந்தில் வான்கோழிக்குப் பக்கத்தில் வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும் இருந்தன. உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் மருத்துவத் துறையில் இருப்பவர் தட்டோடு நிம்மதியாக உட்கார முடியாது என்பதும் தெரிந்ததே. ஒருவர் இருமிக் காட்டுகிறார், ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிறார். ‘நான் டாக்டர் இல்லை’ என்பதே என் வழக்கமான பதில். ஆனால் அண்ணனின் நண்பர் வீட்டு ஏழு மாதக் குழந்தை, மாடியறையில் தாயின் தோளில் கிடந்தபடி எழுப்பிய ஒரு சிறு முனகல் என் காதில் விழுந்தபோது தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ‘ங்’ என்று ஒரு முனகல். மூன்று நாளாகச் சளி, காய்ச்சல் இல்லை, ஆனால் பால் பாதிதான் குடிக்கிறான் என்றார் தாய். சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்கைப் போட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். 64. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போயிற்று. மூக்குத் துவாரங்கள் விரிந்தன.

இதை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். குழந்தை அழாதபோது, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தவறிவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. விலாப் பகுதி உள்ளிழுப்பது, முனகல், பால் குடிக்கத் திணறுவது, ஈரமாகும் டயப்பர்களின் எண்ணிக்கை குறைவது, உதடு நீலம் பாய்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தத் தாய் என்னிடம், “நாளைக்குக் காட்டினால் போதுமா?” என்று கேட்டார். இந்த ஒரு நொடியில் மட்டும் பழைய ‘பார்க்கலாம்’ எவ்வளவு எளிதாக வந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் திக்கென்கிறது. “இல்லை, இப்போதே, நானும் வருகிறேன்” என்றேன். ஆர்.எஸ்.வி. தொற்று என்று பரிசோதனையில் தெரிந்தது; குழந்தை இரண்டு இரவு ஆக்சிஜனில் இருந்துவிட்டு நலமாக வீடு திரும்பினான். அக்டோபர் முதல் மார்ச் வரை எட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இங்கே போடப்படும் தடுப்பு மருந்தைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருந்தும், சளி சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரம் பணிக்குத் திரும்பியபோது வேட்டைக்காரர் காலி டப்பாவைக் கழுவித் திருப்பித் தந்தார். முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே என்று கேட்டார். பெயரில் மட்டும்தான், உள்ளே இருப்பது சிறுபயறு என்று விளக்கினேன். அவருக்கு 2024-இல் மான் கிடைக்கவில்லையாம். “அடுத்த வருஷமும் அதே முப்பத்தொன்றா?” என்றார். இல்லை, 2025-இல் அக்டோபர் 20 என்றேன். ஒரு பண்டிகை எப்படி இடம் மாறும் என்று அவருக்கு விளங்கவில்லை. நிலாவைப் பார்த்துக் கணக்கிடுவது, அமாவாசையை ஒட்டி வரும் தேய்பிறைச் சதுர்த்தசி, என்று சொல்லத் தொடங்கினேன். முடிப்பதற்குள் அவர் தலையாட்டினார். வேட்டைக்குப் போகிறவர்களும் நிலாவைத்தான் பார்ப்பார்களாம். பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓய்வறைச் சுவரில் மாட்டியிருந்த புதிய நாட்காட்டியில் அக்டோபர் 20-ஐத் தேடிப் பிடித்து, என் பெயரின் முதலெழுத்தை எழுதினார். பிறகு நவம்பர் 14-க்குப் போய்த் தன்னுடையதை எழுதினார்.